காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்த ஹைலக்ஸ்

மாமாவின் டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சுமைத் தட்டும் உள்ள வண்டி) என் முற்றத்துக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. டொயோட்டா ஹைலக்ஸ், 1994 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, எல்.என். 106 என்ற வகை. நான்கு சில்லுக்கும் இழுவை உண்டு. முன்னாலும் பின்னாலும் வளையாத ஒற்றை அச்சு, அவற்றின்மேல் பட்டை ஸ்பிரிங். எஞ்சின் 3எல்: நான்கு சிலிண்டர், 2779 சிசி, டர்போ கிடையாது, கணினி கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் அந்த எஞ்சினுக்கு மின்சாரம் தேவைப்படுவது டீசல் பம்பில் உள்ள ஒரு சிறு அடைப்பு வால்வுக்கு மட்டும்தான். நீர்வேலித் தோட்டத்திலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் சந்தைக்கும், வெங்காயக் காலத்தில் தம்புள்ளைக்கும் அதுதான் போய்வருகிறது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இந்தப் பழைய வண்டிக்குக் கேட்கப்பட்ட விலையைக் கேட்டு வீட்டில் எல்லோரும் விற்கச் சொன்னார்கள். விற்ற பணத்தில் இதைப்போல இன்னொன்றை வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். விற்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, கெட்டதை மாற்றி, தேவையான இடத்தில் மட்டும் மேம்படுத்துவது என்று முடிவு செய்தேன். கடந்த ஓராண்டில் செய்த வேலைகளை இங்கே எழுதி வைக்கிறேன். இதே வண்டி வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள்.

தொடங்கியது ஒரு மார்கழி மாதக் காலையில். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. எஞ்சின் இரண்டு நொடி ஓடி நின்றுவிடுகிறது. அதன் பிறகு அரை நிமிடம் விட்டுவிட்டுச் சுற்றினால்தான் பிடிக்கிறது. ஒருமுறை ஓடிவிட்டால் அன்று முழுவதும் ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை மீண்டும் அதே கதை.

குளிர் என்றார்கள். ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் போயிருக்கும் என்றார்கள். நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றினேன். (இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் பிளக்குகள் வெவ்வேறு வோல்ட் அளவுக்கு வருகின்றன. பழையதில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தே வாங்க வேண்டும். மாறிப் போட்டால் சில நாளில் எரிந்துவிடும், அல்லது சூடே ஏறாது.) குறை தீரவில்லை. பற்றரியையும் மாற்றினேன். ஸ்டார்ட்டர் இன்னும் வேகமாகச் சுற்றியது, அவ்வளவுதான்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஐயா ஒருவர் இருக்கிறார். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் இல்லாத குடாநாட்டில் மண்ணெண்ணெயை ஊற்றி ஒஸ்டின் ஏ40 காரையும் மோட்டார் சைக்கிளையும் ஓட வைத்த தலைமுறை அவருடையது. நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கும்போது புகைக்குழாயில் புகை வருகிறதா, தம்பி?"

"இல்லை ஐயா. ஒன்றுமே வருவதில்லை."

"அப்படியென்றால் உள்ளே டீசலே போகவில்லை. வெள்ளைப் புகை வந்து பிடிக்காவிட்டால் ஹீட்டரைப் பாரும். புகையே இல்லாவிட்டால் ஹீட்டர் என்ன செய்யும்?"

இந்த ஒரு வாக்கியத்தை முதலிலேயே கேட்டிருந்தால் இரண்டு செலவு மிஞ்சியிருக்கும். டீசல் எஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைப் புகை என்பது எரியாத டீசல்: எரிபொருள் வந்து சேர்ந்திருக்கிறது, சூடு போதவில்லை. புகையே இல்லை என்றால் எரிபொருள் வழியில் எங்கோ தடைப்பட்டிருக்கிறது, அல்லது அதன் இடத்தில் காற்று இருக்கிறது.

அடுத்த நாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன் டீசல் பில்டரின் தலையில் இருக்கும் கைப்பம்பை அழுத்தினேன். முதல் பதினைந்து அழுத்தலுக்கு எந்த எதிர்ப்பும் இல்லை. பிறகு மெல்ல இறுகியது. சாவியைத் திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது. இரவு முழுவதும் காற்று உள்ளே நுழைய, டீசல் தாங்கிக்குத் திரும்பி இறங்கிவிடுகிறது. பம்புக்குள் எஞ்சியிருக்கும் கொஞ்ச டீசலில்தான் அந்த இரண்டு நொடி ஓட்டம்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். தாங்கியிலிருந்து பம்பு வரைக்கும் உள்ள பாதையில் பம்பு டீசலை உறிஞ்சுகிறது. அங்கே ஒரு நுண்ணிய வெடிப்பு இருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியில் ஈரம் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பில்டருக்கும் பம்புக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் குழாயை மாட்டினேன். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தபோது உள்ளே குமிழிகள் வரிசையாகப் போயின. பிறகு அதே குழாயைப் பில்டருக்கு முன்னால், தாங்கிப் பக்கத்தில் மாட்டினேன். அங்கே ஒரு குமிழியும் இல்லை. ஆகவே குற்றவாளி இரண்டுக்கும் நடுவில்: பில்டர் தலை.

கைப்பம்பின் மூடியைக் கழற்றினேன். உள்ளே இருந்த இறப்பர்ச் சவ்வு மடிப்பு விழும் இடத்தில் நகக்கீறல்போல வெடித்திருந்தது. காரணமும் புரிந்தது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் கிடைத்த இடத்தில், கிடைத்த கேனில் டீசல் வாங்கினோம். தண்ணீரும் தூசியும் கலந்த டீசல். அந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை பில்டர் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய சவ்வை நூறு தடவை அழுத்தினேன்.

பில்டர் தலை முழுதாகவே கடையில் கிடைக்கும். முதலில் மலிவானதை வாங்கி மாட்டினேன். இரண்டு மாதத்தில் அதே குறை. பிறகு ஜப்பான் அசல் பாகத்துக்குக் கொழும்பில் சொல்லி எடுத்தேன். கூடவே அந்தப் பாதையிலுள்ள எல்லா இறப்பர்க் குழாய்களையும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களிலிருந்து மிச்ச டீசல் திரும்பும் சிறு குழாயையும் டீசலுக்கென்றே வரும் குழாயாக மாற்றினேன். அந்தத் திரும்பு பாதையிலும் காற்று நுழையும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சோதனைக்கு மாட்டிய தெளிவான குழாயை அப்படியே விட்டுவிடக்கூடாது. சூட்டிலும் டீசலிலும் அது விறைத்து வெடிக்கும். எல்லாம் மாட்டிய பின் கைப்பம்பை இறுகும்வரை அழுத்தி, இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, காற்று போய் டீசல் தெறிக்கும்போது ஒவ்வொன்றாக இறுக்கினேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு காலையும் தவறவில்லை.

வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சினுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன்பலகையில் அதற்கென்றே ஒரு விளக்கும் இருக்கிறது. மாமா எப்போது மாற்றினார் என்பதற்குப் பதிவு இல்லாததால் மாற்றினேன். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், அத்தோடு சிலிண்டர் தலை வேலை முழுவதும் வந்து சேரும். பெல்டைக் கழற்றும்போதே இறுக்கும் உருளை, கிராங்க் முன் சீல், கேம் சீல் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஒயில் பட்ட பெல்ட் வெகுநாள் நிற்காது. குறிகளைப் பொருத்திய பிறகு கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மீண்டும் அதே இடத்தில் சேர்கின்றனவா என்று பார்த்த பின்புதான் மூடியைப் பூட்டினேன்.

ரேடியேட்டரில் நான் கண்டது என்னை உண்மையில் வருந்த வைத்தது. குடாநாட்டின் நிலத்தடியெல்லாம் சுண்ணாம்புக்கல். கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவதை ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கிறோம். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் முப்பது ஆண்டுகளாக ரேடியேட்டரிலும் ஊற்றி வந்திருக்கிறோம். மேல் தொட்டியைத் திறந்து பார்த்தபோது குழாய்களில் பாதிக்கு மேல் சுண்ணாம்பு அடைத்துக் கல்லாக இருந்தது. 3எல் எஞ்சினின் சிலிண்டர் தலை அதிகச் சூட்டில் வெடிக்கக்கூடியது. பாதி அடைந்த ரேடியேட்டரோடு வெங்காயச் சுமையை ஏற்றி வைகாசி வெயிலில் ஓடிய நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. இன்னொன்றும் தெரியவந்தது: எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. சூடு கூடுகிறது என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். எங்கள் ஊர்களில் இது வழக்கம், தவறான வழக்கம். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமலே ஓடினால் டீசலும் வீண், தேய்மானமும் கூடும். புதிய தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்து, வெப்பமானியோடு நின்று பார்த்தேன். 82 பாகையை அடுத்துத் திறக்கத் தொடங்கியது. அதைப் பூட்டி, ரேடியேட்டருக்குப் புதிய உட்பகுதி போட்டு, வடித்த தண்ணீரும் கூலண்டும் சரிபாதியாக ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீர் இனி இதற்குள் போகாது.

அடுத்து முன் அச்சு. இந்த ஆண்டில் அதிக நாட்கள் எடுத்த வேலை இதுதான். எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

இந்த வகை ஹைலக்ஸில் முன் அச்சின் இரு முனையிலும் ஓர் இரும்புப் பந்து தெரியும். அதன்மேல் தான் சில்லைத் தாங்கும் பகுதி இடமும் வலமும் திரும்புகிறது. பந்துக்குள்ளே திரும்பியபடியே சுழலும் மூட்டு இருக்கிறது. மூட்டுக்குக் கிரீஸ், அச்சுக்குள் டிப்பரன்ஷல் ஒயில். இரண்டையும் பிரிப்பது ஒரு சீல். அந்தச் சீல் போனால் ஒயில் கிரீஸோடு கலந்து, கஞ்சிபோல ஆகி, பந்தின் வெளிப்புறமாக வழியும். என் வண்டியில் இடப்பக்கம் அப்படி வழிந்தது. முன் சில்லைத் தூக்கி மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ஒரு சிறு ஆட்டமும் தெரிந்தது.

அச்சை இரும்புத் தாங்குகால்களின் மேல் இருத்தினேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழே போகக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பிரேக் கலிப்பரைக் கழற்றி, குழாயில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். சில்லுப் பூட்டைக் (சில்லை முன் அச்சோடு இணைக்கும் பகுதியை) கழற்றும் இடத்தில்தான் புதியவர்கள் பலர் தோற்றுப்போகிறார்கள். நட்டுகளை எடுத்த பிறகும் அது அசையாது, ஏனென்றால் ஒவ்வொரு முளையையும் சுற்றி ஆப்புப்போலக் கூம்பு வடிவ வாஷர் ஒன்று இறுகியிருக்கிறது. நெம்பினால் உடையும். பித்தளைக் கம்பியை முளையின் முனையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. கூம்பு தானாகத் துள்ளி வெளியே வரும். உள்ளே இருக்கும் பெரிய நட்டுக்கு 54 மில்லிமீற்றர் சொக்கட் வேண்டும். உளியை வைத்து அடித்துக் கழற்றுவது நம் ஊர்ப் பழக்கம். என் நட்டின் விளிம்பு முழுவதும் அந்த உளிக் காயம். சொக்கட்டை வாங்கினேன். பித்தளைக் கம்பிக்கும் அந்தச் சொக்கட்டுக்கும் கொடுத்த காசு இந்த ஆண்டின் மிக நல்ல செலவு.

மூட்டை இழுத்து வெளியே எடுத்தபோது சாம்பல் நிறக் கஞ்சி தட்டில் கொட்டியது. மண்ணெண்ணெயில் கழுவினேன். மூட்டின் குண்டுகள் ஓடும் தடங்களில் கீறல் இல்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் மேலும் கீழும் உள்ள திரும்பு பேரிங்குகளின் வளையங்களில் உருளைகளின் தடம் வரிவரியாகக் குழிந்திருந்தது. முப்பது ஆண்டுகளில் பெரும்பாலான நேரம் வண்டி நேராகத்தானே ஓடியிருக்கிறது. உருளைகள் ஒரே இடத்தில் நின்று, ஒவ்வொரு குழியிலும் அடி வாங்கி, அந்த இடத்தையே குடைந்துவிட்டன. ஸ்டீயரிங்கை நேராக்கும்போது கையில் ஏதோ ஒரு பள்ளத்தில் விழுவதுபோல உணர்ந்தது இதனால்தான்.

பேரிங்குகள், உள் சீல், பந்தைத் துடைக்கும் இறப்பர் வளையமும் கம்பளி வளையமும் எல்லாம் புதிது. ஸ்டீயரிங் கைக்கு (சில்லைத் திருப்பும் இரும்புக் கைக்கு) அடியில் மெல்லிய தகடுகள் இருக்கும். மேலே இருந்தது மேலே, கீழே இருந்தது கீழே, இடம் வலம் மாறாமல் போக வேண்டும். நான்கு சிறு பைகளில் போட்டு, எழுதி ஒட்டி வைத்தேன். மாறினால் பந்து நடுவில் உட்காராது, புதிய சீலும் ஒரு பக்கம் தேய்ந்து மறுபடி ஒழுகும். இறுக்கிய பின் திரும்பும் கடினத்தைப் பார்க்க, வெங்காயம் நிறுக்கும் விற்றராசை அந்த ஸ்டீயரிங் கையின் முனையில் கொளுவி இழுத்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் அசையத் தொடங்கின. மூட்டுக்கு மொலிப்டினம் கலந்த கிரீஸ், பந்தின் முக்கால் பங்கு அளவுக்கு. முழுதாக அடைத்தால் சூட்டில் விரிய இடம் இருக்காது.

ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள். வலப்பக்கம் ஒழுகவில்லை என்றாலும் அதையும் செய்தேன். முதல் ஓட்டத்தில் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பியது. மாமாவை அருகில் இருத்தித்தான் போனேன். "இது நான் ஓட்டிய வண்டி இல்லை" என்றார்.

இனி வெளிச்சம். தம்புள்ளைக்குச் சுமையோடு போகும் பயணம் நடு இரவில் தொடங்குகிறது. ஏ9 வீதியில் கிளிநொச்சி தாண்டி மாங்குளம் வரைக்கும் வீதியில் மாடுகள் படுத்திருக்கும். தார் வீதியின் சூடு அவற்றுக்கு இதம். கருப்பு மாட்டை என் ஹெட்லைட்டில் கண்டு பிரேக் பிடிக்கும்போது தூரம் போதாது என்று இரண்டு முறை உணர்ந்தேன்.

எல்.ஈ.டி. பல்ப் போடச் சொல்லாதவர் இல்லை. இழை பல்புக்கென்று வடிவமைத்த கண்ணாடிக் கிண்ணத்தில் எல்.ஈ.டி.யைச் செருகினால் ஒளி சிதறும். எதிரே வருபவர் கண் கூசும், எனக்கு முன்னால் தூரத்தில் விழ வேண்டிய ஒளி குறையும். எதிரே சைக்கிளில் வருபவரும் என் ஊர்க்காரர்தான். அதனால் முதலில் அளந்தேன். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.9 வோல்ட். பல்பின் முனையில் 11.1 வோல்ட். இடையில் 2.8 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே பல்பின் ஒளி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். என் வண்டியில் வோல்ட் குறைந்தது அதைப்போல இரு மடங்கு, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. காரணம், இரண்டு 55 வாட் பல்புகளின் முழு மின்னோட்டமும் ஸ்டீயரிங் அருகிலுள்ள முப்பது ஆண்டுப் பழைய சுவிட்சின் தேய்ந்த முனைகளைக் கடந்து போக வேண்டியிருக்கிறது.

தீர்வு ரிலே: பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் இயக்கும், பல்புக்குப் பற்றரியிலிருந்து நேராகத் தடித்த வயர். ஆனால் இந்த ஹைலக்ஸில் ஒரு சூட்சுமம் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் பல்பின் பொது முனை நிலத்துக்கு, சுவிட்ச் நேர் மின்னைத் தரும். இதில் தலைகீழ்: பொது முனையில் எப்போதும் நேர் மின் நிற்கிறது, சுவிட்ச் நிலத்தோடு இணைக்கிறது. இதை அறியாமல் கடையில் கிடைக்கும் ஆயத்த ரிலே வயரை மாட்டினால் விளக்கு எரியாது, சில வேளை பியூஸ் போகும். நான் மல்டிமீற்றரால் மூன்று முனையையும் பார்த்து உறுதி செய்த பிறகு, ரிலேயின் சுருளுக்குப் பழைய பொது முனையையும் பழைய தாழ்வெளிச்ச முனையையும் கொடுத்தேன். உயர்வெளிச்சத்துக்கு இரண்டாவது ரிலே அதே முறையில். பற்றரிக்குப் பக்கத்திலேயே தனிப் பியூஸ். அது இல்லாமல் தடித்த வயரை இழுப்பது தீயை அழைப்பதாகும். புதிய வயரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி நில இணைப்பு, உடலின் வர்ணத்தைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில் பூட்டியது.

மறுபடி அளந்தேன்: பல்பில் 13.5 வோல்ட். அதே பழைய பல்பு, அதே கிண்ணம். அன்றிரவு தோட்டத்து மதிலில் விழுந்த ஒளியைப் பார்த்து என் மகன் "அப்பா, பல்பு மாற்றினீர்களா?" என்று கேட்டான்.

செய்யாமல் விட்ட மேம்பாடுகளையும் சொல்ல வேண்டும். டர்போ பூட்டச் சொன்னார்கள். சூட்டுக்கு அஞ்சும் தலையுள்ள எஞ்சினுக்கு மேலும் சூட்டைக் கொடுக்க நான் தயாராக இல்லை. பின்னால் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டு உயர்த்தச் சொன்னார்கள். பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வை அசைப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். சுமை ஏறி உடல் தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பட்டையைக் கூட்டி உயர்த்திவிட்டால் அந்த வால்வு வண்டி வெறுமையாக இருப்பதாகவே எண்ணும். முழுச் சுமையிலும் பின் பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். கம்பியின் தாங்கியைச் சரிசெய்யாமல் உயர்த்திய வண்டிகள் எத்தனையோ வீதியில் ஓடுகின்றன. எனக்கு அது வேண்டாம். பட்டைகளைக் கழற்றித் துருவைச் சுரண்டி, ஓரங்களில் தேய்ந்த இறப்பர் புஷ்களை மட்டும் மாற்றினேன்.

மிச்சம் இருப்பது ஒரு வேலை. பிரேக்குக்கு உறிஞ்சுவிசை தரும் பம்பு இந்த எஞ்சினில், பற்றரிக்கு மின் ஏற்றும் ஒல்டனேட்டரின் முதுகிலேயே பூட்டப்பட்டிருக்கிறது. அதற்கு எஞ்சின் ஒயில் வந்து திரும்புகிறது. அந்தத் திரும்பு குழாயின் அடியில் சென்ற கிழமை ஒரு துளி ஒயிலைக் கண்டேன். துடைத்துவிட்டு, காகிதத் துண்டொன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். இன்று காலை பார்த்தபோது ஒரு நாணயத்தின் அளவுக்கு நனைந்திருந்தது. குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும்.